யாரு பொட்டு இது?

அக்கா, அத அங்ஙன ஒட்டிராதீங்க. ஆரஞ்சுப் பழத்துல இருந்து உரிச்சீங்கல்லா, அந்தச் சின்ன ஸ்டிக்கரு, அதத்தான் சொல்லுதேன். எங்கிட்ட குடுங்க. ஆங், இந்தா, சட்டைப் பையில போட்டாச்சு. தப்பா எடுத்துக்கிடாதீங்க. யாரு ஏறுனாலும் இதே கதைதான். பழத்த உரிக்க முன்னாடி ஸ்டிக்கர உரிக்காங்க, உரிச்ச கையோட டேஷ்போர்டுல ஒட்டிருதாங்க. படிச்சவங்க, படிக்காதவங்கன்னு கிடையாது. கை தானா அங்க போகுது.

மேடம்னு கூப்புடாம அக்கான்னு கூப்புடுதேன்னு கோவிச்சுக்கிட மாட்டீங்கல்லா? மேடம்னு சொன்னா எனக்கு நாலு வார்த்தைக்கு மேல பேச்சு வராது. மதுரையில இருந்து திருநெல்வேலி வரைக்கும் வாய மூடிட்டு ஓட்டுறதுன்னா என்னால ஆகாது. முன்னெல்லாம் அப்படி இல்ல. சவாரியில வாயே தொறக்க மாட்டேன். பேச்சிமுத்து வண்டியில ஏறுனா நிம்மதியா தூங்கலாம்பாங்க. இப்பத்தான் இப்படி ஆயிட்டேன். வீட்டுல பேச ஆளு இல்ல, அதான்.

நீங்க முன்னாடி உக்காந்ததும் நல்லதாப் போச்சு. பின்னாடி உக்காந்தா தலை சுத்தும்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு உள்ளுக்குள்ள சந்தோசம். ஏன்னா டேஷ்போர்டுல உங்களுக்கு நேரா சாமான் போடுற பெட்டி இருக்கே, அந்தப் பெட்டி மூடி, அத யாருகிட்டயாவது காட்டணும்னு இருந்தேன். தடவிப் பாருங்க. சும்மா பாருங்க. விரல வச்சு இழுங்க. எங்கயாவது ஒட்டுதா? ஒட்டாது. வழுவழுன்னு இருக்கும். கம்பெனியில இருந்து வரும்போதுகூட அப்படி இருந்திருக்காது.

ஸ்டிக்கர் எடுக்குறது பெரிய காரியமே இல்லக்கா. மேல உள்ள காகிதம் வந்துரும். அடியில பசை இருக்கு பாருங்க, அதுதான் ஆளக் கொல்லும். தூசியப் புடிச்சு வச்சுக்கிட்டு கறுப்பா நிக்கும். மொதல்ல நான் புத்தி கெட்டுப் போய் பெட்ரோலத் தொட்டுத் துடைச்சேன். இந்தா, ஸ்டியரிங்குக்குப் பக்கத்துல வெள்ளையா ஒரு திட்டு தெரியுதுல்லா? அது அந்தப் புண்ணியம். பசையும் போச்சு, கலரும் போச்சு. பொறவு பிளேடு எடுத்தேன். பிளேடு கண்ணாடிக்குத்தான் ஆகும். சோப்புத் தண்ணிய விட்டு, சாய்ச்சுப் புடிச்சு இழுத்தா சுருண்டு வந்துரும். பிளாஸ்டிக்குல வச்சா கீறிப்புடும்.

கடைசில நானா ஒரு வழி கண்டுபுடிச்சேன். எம் மக விட்டுட்டுப் போன ஹேர் டிரையர் ஒண்ணு கிடந்தது. சன்னல் வழியா வயர இழுத்து, கார் கதவத் தொறந்து வச்சுக்கிட்டு, லேசா சூடு காட்டுனேன். ரொம்பக் காட்டக்கூடாது, பிளாஸ்டிக் நெளிஞ்சிரும். அளவாக் காட்டுனா பசை இளகும். அப்ப பழைய ஏடிஎம் கார்டு ஒண்ண வச்சு மெதுவாத் தள்ளணும். மிச்சம் இருக்குறதுக்குத் தேங்காண்ணெய். பஞ்சுல நனைச்சு மேல வச்சுட்டு, போய் ஒரு டீ குடிச்சுட்டு வரணும். அவசரப்பட்டா வராது. வந்து துடைச்சு, சோப்புத் தண்ணி போட்டு, மறுபடி துடைச்சு, காய விட்டு, பாலிஷ் போட்டா முடிஞ்சது. தெருவுல போறவன் எல்லாம் சிரிச்சான். பேச்சிமுத்து காருக்குத் தலைக்குக் குளிப்பாட்டி முடி காயப்போடுதான்னு கேலி. சிரிக்கட்டும். அவன் வீட்டுல பொண்டாட்டி இருக்கா, அவன் சிரிப்பான்.

இவ்வளவும் எதுக்குன்னு கேக்கீங்க. ஒரு பொட்டுக்காகக்கா. ஒத்தப் பொட்டு. ஸ்டிக்கர் பொட்டு. அதனால என் சம்சாரம் கோவிச்சுக்கிட்டு கோவில்பட்டியில அவ தம்பி வீட்டுல போய் உக்காந்திருக்கா.

ஆமா, சிரிப்பாத்தான் இருக்கும் கேக்கவங்களுக்கு.

அவ பேரு ஆவுடைத்தாய். ஆவுடைன்னு கூப்புடுவேன். நல்லவதான், அதுல ஒண்ணும் சொல்லுறதுக்கில்ல. ஆனா இந்தப் பொட்ட ஒட்டுற வழக்கம் இருக்கே, கல்யாணம் ஆன நாள்ல இருந்து எனக்கும் அவளுக்கும் அதான் சண்டை. மொகம் கழுவப் போவா, பொட்ட எடுத்து கண்ணாடியில ஒட்டுவா. கழுவிட்டு வந்து அதையே எடுத்து வச்சா என்ன? வைக்க மாட்டா. புதுசு ஒண்ணு எடுத்து வைப்பா. பழசு அங்கயே இருக்கும். குளிக்குற ரூம் கண்ணாடியில, பீரோ கண்ணாடியில, கட்டில் சட்டத்துல, ஃபிரிட்ஜு கதவுல. ஒருநா என் மூக்குக் கண்ணாடிக் கூட்டத் தொறக்கேன், உள்ள ஒண்ணு. ஏட்டி, உனக்கு நெத்தி ஒண்ணா ஒம்பதான்னு கத்துனேன். அவ சிரிக்கா. "நெத்தி ஒண்ணுதான். நீங்க எங்கெல்லாம் பாக்கீங்களோ அங்கெல்லாம் ஒண்ணு வைக்கேன்"ங்கா. கிண்டல். நான் திட்டத் திட்ட அவளுக்குச் சிரிப்பு வரும். அப்படி ஒரு பொம்பள.

வீட்டுல என்னமும் செய்யட்டும்னு விட்டுட்டேன். கார் வாங்குன அன்னைக்குக் கண்டிசனாச் சொல்லிட்டேன். இது சோறு போடுற சாமான், வண்டியில மட்டும் ஒட்டாதட்டின்னு. கேட்டுக்கிட்டா. அவ தம்பி கேக்கலையே! அவன் குருசாமி, கோவில்பட்டியில ஸ்டிக்கர் கடை வச்சிருக்கான். வண்டி நம்பரு, சாமி பேரு எல்லாம் வெட்டிக் குடுப்பான். அத்தானுக்கு அன்பளிப்புன்னு உள்ள வெளியன்னு ஒரு இடம் விடாம ஒட்டித் தள்ளிட்டான். டேஷ்போர்டுல "பொறுமை"ன்னு ஒண்ணு. எனக்குப் பொறுமை இல்லையாம். ஆவுடை போன பொறவு எல்லாத்தையும் உரிச்சு எறிஞ்சுட்டேன். முன் கண்ணாடி மேல இருக்கே, அந்தச் சாமி பேர மட்டும் தொடல. இருக்கன்குடி மாரியம்மன் துணைன்னு இருந்தது. துணைங்குற எழுத்து தனியா வெட்டி ஒட்டுனது. வெயில்ல காஞ்சு அது மட்டும் தானா விழுந்துட்டு. இப்ப மாரியம்மன் மட்டும் இருக்கா.

விசயத்துக்கு வாரேன்.

ஆவணி மாசம் ஒரு வெள்ளிக்கிழம. காலைல வாசல்ல வண்டியக் கழுவிக்கிட்டிருக்கேன். தூத்துக்குடி ஏர்போர்ட்டுக்கு ஒரு சவாரி, அந்த அவசரம். அதுக்கு முந்துன நாளு கல்யாண வீட்டுப் பொம்பளைங்கள ஏத்திக்கிட்டு திருச்செந்தூர் போயிட்டு வந்திருந்தேன். அதுக்கு முந்துன ஞாயித்துக்கிழம குருசாமி பேத்திக்குக் காதுகுத்து, நானும் ஆவுடையும் போயிருந்தோம். ரொம்ப நாளைக்குப் பொறவு வண்டியில ரெண்டு பேருமா போனது அன்னைக்குத்தான். இந்தா நீங்க உக்காந்திருக்கீங்களே, இதே சீட்டுலதான் உக்காந்தா. போகும்போது வாய் ஓயாம பேச்சு. திரும்பி வரும்போது கயத்தாறு தாண்டுறதுக்குள்ள தூங்கிட்டா.

ஆங், வெள்ளிக்கிழம. நான் டயரக் கழுவிக்கிட்டு நிக்கேன். இவ காப்பிய எடுத்துக்கிட்டு வந்தா. வந்தவ சும்மா போகாம முன் கதவத் தொறந்து உள்ள உக்காந்தா. பொறவு கூப்புடுதா. "ஏங்க, இங்க வாங்க. யாரு பொட்டு இது?"

எட்டிப் பாக்கேன். அந்தப் பெட்டி மூடியில, கைப்பிடிக்கு மேல, ஒரு பொட்டு. அரக்கு கலரு. மொளகு அளவு. நடுவுல ஒரு கல்லு, பளிச்சுன்னு.

பயந்துட்டேன்க்கா. ஏன்னா நான் அப்படிப்பட்ட ஆள் இல்ல. இத்தன வருசம் டிரைவரா இருந்து ஒரு சொல்லு கேட்டதில்ல. நிமிந்து பாக்கேன், இவ சிரிக்கா. உதட்ட மடக்கிக்கிட்டு சிரிக்கா. சரி, மாட்டிக்கிட்டான்னு சிரிக்குதான்னு நெனச்சேன். சந்தேகப்பட்ட பொம்பள கத்துனாக்கூடப் பரவாயில்ல, சிரிச்சா அது வேற மாதிரி.

"எனக்கென்ன தெரியும்? நேத்து ஏறுன பொம்பளைங்கள்ல எவளாவது ஒட்டியிருப்பா"ன்னேன்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க"ங்கா.

"பாத்தாச்சு. இப்படி ஒரு பொட்ட நான் கண்ணால கண்டதே இல்ல."

"கண்டதே இல்லையா?"

"இல்லங்கேன்லா! மினுக்குப் பொட்டு. நல்ல குடும்பத்துல எவளாவது இத வைப்பாளா?"

அப்பத்தான் அந்தச் சிரிப்பு போச்சு. நான் பாத்தேன், போனத. "ஏன், நல்லாத்தான இருக்கு?"ன்னா. குரலு எறங்கிட்டு. நான் விடுவேனா? "நல்லாருக்கா? மட்டமா இருக்கு"ன்னு சொல்லிக்கிட்டே நகத்தால சுரண்டுனேன். அந்த எளவு விரல்ல ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்கு. உதறுதேன், உதறுதேன், போக மாட்டேங்கு. கடைசில ஈரத் துணியில தேச்சுச் சாக்கடையில எறிஞ்சேன்.

அவ கார்ல இருந்து எறங்கி எனக்கு நேரா வந்து நின்னா. ரொம்பப் பக்கத்துல. "என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்க"ன்னா.

அக்கா, பொய் சொல்லுதவன்தான மொகத்தப் பாக்கப் பயப்படணும்? எனக்கென்ன பயம்? நல்லா நிமிந்து, நேருக்கு நேரா, அவ மொகத்தப் பாத்தேன். பாத்துச் சொன்னேன். "இருக்கன்குடி மாரியாத்தா மேல சத்தியம். அந்தப் பொட்டு யாருதுன்னு எனக்குத் தெரியாது."

இதுக்கு மேல ஒரு மனுசன் என்ன செய்யணும்? சொல்லுங்க.

அவ காப்பி டம்ளர எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா. நான் ஏர்போர்ட்டுக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்தா வீடு பூட்டியிருக்கு. சாவி பக்கத்து வீட்டுல. பஸ்ஸப் புடிச்சு கோவில்பட்டி போயிட்டா. போன் பண்ணுனா குருசாமி எடுக்கான். "அக்கா தூங்குதா அத்தான்." எப்ப பண்ணுனாலும் தூங்குதா. ஒரு மனுசி எத்தன நேரந்தான் தூங்குவா?

சந்தேகம்க்கா. பொம்பளைங்களுக்கு அது வந்துட்டா மருந்தே கிடையாது. மகளுக்குப் போனப் போட்டுச் சொன்னேன். அது திருப்பூர்ல கட்டிக்குடுத்திருக்கு. உங்க அம்மை இந்த வயசுல என்னைச் சந்தேகப்படுதா தாயின்னேன். அது என்ன சொல்லுச்சு தெரியுமா? "அம்மா சந்தேகப்படலப்பா. நீங்களே யோசிச்சுப் பாருங்க." என்னத்த யோசிக்க? கேட்டா சொல்ல மாட்டேங்கு. "அம்மா சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டா"ங்கு. அதும் அவ கட்சி.

அதனாலதான் இந்த வேலையில எறங்குனேன். வண்டியில ஒரு பொட்டு, ஒரு ஸ்டிக்கரு, ஒரு பொட்டுப் பசை இருக்கக் கூடாது. சாயங்காலம் சவாரி முடிஞ்சு வந்ததும் டார்ச் அடிச்சுப் பாப்பேன். சீட்டுக்கு அடியில, கதவு இடுக்குல, சீட் பெல்ட்டுல. ஒரு தடவ ஒரு செகப்புப் பொட்டு கிடைச்சது, மிதியடிக்கு அடியில. பெருசு. அது ஆவுடையோடதுதான், எப்பவோ விழுந்தது. அத மட்டும் எறியல. பர்ஸுல இருக்கு.

பசை போகலன்னா எனக்குத் தூக்கம் வராதுக்கா. சுரண்டிக்கிட்டே இருந்தா நேரம் போயிரும். உள்ள போய் என்ன செய்ய? சோறு கடையில. டீ கடையில. டிவியப் போட்டா, அதுல ஓடுறதப் பத்திச் சொல்ல பக்கத்துல ஆளு வேணும்லா. காலைல சவரம் பண்ணப் போனா, குளிக்குற ரூம் கண்ணாடியில அவ ஒட்டுன பொட்டு இருக்கும். சரியா என் நெத்திக்கு நேரா வரும். கொஞ்சம் குனிஞ்சுக்கிடுவேன். அத எடுக்கல. வீட்டுல ஒண்ணையும் எடுக்கல. வண்டிதான சுத்தமா இருக்கணும், வீடு எப்படி இருந்தா யாருக்கு என்ன?

ஒண்ணு கேக்கணும்க்கா உங்ககிட்ட. மதுரையில ஏறும்போதே கேக்கணும்னு நெனச்சேன், வாய் வரல. வழியில கோவில்பட்டிக்குள்ள போயி ஒரு வீட்டு வாசல்ல நிறுத்திக்கிடட்டுமா? ரொம்ப நேரம் ஆகாது. ஆவுடைய வெளிய கூப்புட்டு வண்டியக் காட்டிருதேன். நீங்க எறங்க வேண்டாம். உக்காந்த இடத்துல இருந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். இந்த வண்டியில ஒரு பொட்டு கிடையாது, இந்த ஆளு எங்கள ஒண்ணும் ஒட்ட விடலன்னு. உங்களப் பாத்தா நம்புவா. நீங்களும் ஒரு பொம்பள, நல்லாப் பொட்டு வச்சிருக்கீங்க. அவளும் பாக்கட்டும், எவ்வளவு சுத்தமா வச்சிருக்கேன்னு. பாத்தா ஏறி உக்காந்துருவா. துணிப்பை வைக்க டிக்கியில இடம் ஒதுக்கித்தான் வச்சிருக்கேன். நீங்க பின்னாடி மாறி உக்கார வேண்டியது வரும், தலை சுத்துமோ என்னமோ. மெதுவா ஓட்டுதேன்.

என்ன கேக்கீங்க?

ஆவுடை என்ன பொட்டு வைப்பான்னா? செகப்புதான். பெருசு. பழைய ஒரு ரூவா அகலத்துக்கு. கல்யாணத்துக்கு முன்னாடி இருந்தே அதான். சாத்தூர்ல இருந்து பாத்தா கோவில்பட்டியில தெரியும்.

இப்பவுமா? என்ன, இப்பவும்தான். மாத்த மாட்டா. அவளுக்கு எதையுமே மாத்தப் புடிக்காது. போன சித்திரையில நெத்தி அரிக்கு, அரிக்குன்னு சொன்னா. பசை ஒத்துக்கிடல போலுக்கு, வெள்ளையா தடம் விழுதுன்னு வந்து நின்னு காட்டுனா. எனக்கு அன்னைக்குக் கொடைக்கானல் சவாரி. வந்து பாக்கேன்ட்டின்னு போயிட்டேன். அவளே டவுன் பஸ்ஸுல போயி டாக்டரப் பாத்துட்டு வந்துட்டா. அவ அப்படித்தான், எதுனாலும் தானே பாத்துக்கிடுவா. அந்த விசயத்துல எனக்குத் தொந்தரவே கிடையாது.

டாக்டர் என்ன சொன்னாரா? தெரியலையே. கேக்கல. சரியாப் போயிருக்கும். பொறவு அவ அதப் பத்திப் பேசல.

போட்டோவா? இருக்கே. வாட்ஸ்அப்புல வச்சிருக்கா. மொகம் மட்டும் நல்லாத் தெரியும், அந்தக் காதுகுத்துல எடுத்தது. தினமும் பாப்பேன்க்கா. ஆன்லைன்ல இருக்காளான்னு பாக்க எடுப்பேன், இருந்தா எனக்கு ஒரு இது, சரி நல்லாருக்கான்னு. மெசேஜ் எல்லாம் போட மாட்டேன். சும்மா பாத்துட்டு வச்சிருவேன். இந்தாங்க போனு, லாக்கு கிடையாது. மேலேயே இருப்பா. நான் ரோட்டப் பாக்கணும்.

என்னக்கா, போனையே பாத்துக்கிட்டிருக்கீங்க?

ஓரமா நிறுத்தணுமா? வாந்தி வருதா? கவர் இருக்கு, அந்தப் பெட்டியில... வரலையா? பொறவு எதுக்கு நிறுத்த? சரி, சரி, நிறுத்துதேன். அந்தா வேப்பமரம் நிக்கு, அங்ஙன நிறுத்துதேன்.

நிறுத்தியாச்சு. சொல்லுங்க.

என்னத்தப் பாக்கணும்? அதான் தினமும் பாக்கேனே. ஆவுடைதான். பெருசாக்குங்க. நான் மூக்குக் கண்ணாடி போட்டுக்கிடுதேன், இருங்க. ஆங்.

ம்.

ம்...

இது...

அரக்கு.

கல்லு வச்சிருக்கு. ஆமா. நடுவுல கல்லு இருக்கு.

இது எப்பக்கா மாத்துனா? இல்ல, நீங்க எப்படிச் சொல்ல முடியும். இங்க பாருங்க, சுத்தி வெள்ளையா தெரியுது. வட்டமா. பழைய பொட்டோட அளவுக்கு. பெட்ரோல் பட்டு வெளுத்துப் போச்சே, அந்த மாதிரி. நடுவுல இந்தச் சின்னப் பொட்ட வச்சு மறைக்கப் பாத்திருக்கா. மறையல. சித்திரையில இருந்து இப்படித்தான் இருந்திருக்கு. சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி. நான் வீட்டுலதான இருந்தேன். அவ போட்ட சோத்தத்தான தின்னேன்.

காதுகுத்துக்குப் போயிட்டு வரும்போது தூங்குனா. தூங்க முன்னாடி எடுத்து ஒட்டியிருக்கா. அரிச்சிருக்கும்.

அப்ப அன்னைக்கு அவ சந்தேகப்பட்டுக் கேக்கல. நான் திட்டுவேன்னு சிரிச்சிருக்கா. ஏட்டி, வண்டியில ஒட்டாதன்னு சொன்னேனா இல்லையான்னு நான் கத்துவேன்னு, அதக் கேக்கத்தான் அங்க உக்காந்துக்கிட்டு கூப்புட்டிருக்கா. காப்பியக் கையில வச்சுக்கிட்டு. உன்னுதுதாம்ட்டி எளவுன்னு ஒரு வார்த்தை வந்திருந்தாப் போதும். நான் நல்ல குடும்பத்துப் பொம்பள வைப்பாளான்னு கேட்டேன். மட்டமா இருக்குன்னேன்.

வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்லா அவ? என்னுதுங்கன்னு சொன்னா என்ன கொறஞ்சு போயிருவா? ஏன்க்கா சொல்லல? கல்லு மாதிரி நின்னாளே.

இல்ல. சொன்னா. என் மொகத்தப் பாத்துச் சொல்லுங்கன்னா. எம்புட்டுப் பக்கத்துல வந்து நின்னு சொன்னா. நான் பாத்தேனேக்கா. பாத்துத்தான சத்தியம் பண்ணுனேன். அதே மாதிரிப் பொட்டு அவ நெத்தியில இருந்திருக்கு, அதப் பாத்துக்கிட்டே யாருதுன்னு எனக்குத் தெரியாதுன்னு மாரியாத்தா மேல...

தண்ணி வேண்டாம்க்கா. நீங்க குடிங்க.

அந்தா போர்டு தெரியுது, கோவில்பட்டி. இடது பக்கம் திரும்புனா குருசாமி வீடு. நாளைக்கு வந்து வண்டியக் காட்டுதேன்னு அவன்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். அக்காட்ட சொல்லுதேன் அத்தான்னான். சொல்லியிருப்பான். அவ வாசலுக்கு வந்து நிப்பா. வந்து, முன் கதவத் தொறந்து, அந்த இடத்தத்தான் மொதல்ல பாப்பா. எவ்வளவு சுத்தமாத் துடைச்சிருக்கேன்னு பாப்பா.

அக்கா, ஒரு உதவி செய்யுங்க. அந்தப் பெட்டி மூடியில, கைப்பிடிக்கு மேல, நடுவுல. ஆமா, அங்கதான். விரல வச்சுப் பாருங்க. அப்படித் தடவக் கூடாது, அழுத்தி வச்சு மெதுவா எடுங்க. பசை ஏதாவது மிச்சம் இருக்கும். சீக்கிரத்துல போகுற பசை இல்ல அது, எனக்குத் தெரியும்லா. நல்லாப் பாருங்க.

கொஞ்சங்கூட ஒட்டலையா?